கையளவு விளை, கணக்குள்ள விவசாயம்: குமரி மாவட்ட விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்குளம் பக்கம் எனக்குக் கொஞ்சம் ரப்பர், ஓரத்தில் வாழை, இரண்டு பசு, முப்பது தேனீப் பெட்டி இருக்கின்றன. பால் சங்கத்து வரிசையிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்காரர்கள் கேட்டவையும் உண்டு. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து விளைக்காரர்கள் கேட்டவையும் உண்டு (விளை என்று நாங்கள் சொல்வது மேட்டுத் தோட்ட நிலத்தை). ‘உதாரணமாக’ என்று நான் எழுதும் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மொத்தமே 60 சென்ட். இதையெல்லாம் தொழில் என்று சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் அளவை நம்பி இறங்கக் கூடாது. தேனிப் பக்கம் ஒரே தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் வாழை நிற்கும். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு கண்ணுக்கெட்டிய தூரம் போகும். அளவில் அவர்களோடு மோதினால் நமக்குத் தோல்விதான்.

நம்மிடம் இருப்பது வேறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளச் சந்தை. ரப்பர், கிராம்பு, நல்லமிளகு (கருமிளகு), மட்டி வாழை, தேன், பிச்சிப்பூ, கருப்பட்டி என்று ஒரு சின்ன மாவட்டத்துக்குள் இவ்வளவு வகை. அதனால் 60 சென்ட் உள்ளவர் ‘எவ்வளவு விளையும்’ என்பதோடு நிறுத்தாமல், ‘எந்த மாதம், எந்த வடிவில், யாருக்கு விற்கப் போகிறேன்’ என்று நடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்.

கணக்கு எழுதச் சொல்கிறீர்கள். எதை எழுதுவது? எங்கள் அப்பா எழுதாமலே விவசாயம் பார்த்தாரே?

அப்பா காலத்தில் கூலியின் பெரும்பங்கு நெல்லாகப் போனது, உரம் தொழுவத்தில் இருந்து வந்தது. பணமாக வெளியே போனது குறைவு. இன்று கன்று முதல் முட்டுக் கம்பு வரை எல்லாமே பணம். எழுதாவிட்டால் லாபமா நட்டமா என்பது வருடக் கடைசியில்கூடத் தெரியாது.

ஒரு 80 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பயிருக்கும் தனிப் பக்கம். தேதி, செலவு, வரவு, அப்புறம் உங்கள் வீட்டு ஆட்கள் செய்த வேலை எத்தனை நாள் என்பது. இந்தக் கடைசி இடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் பார்த்த வேலைக்கும் கூலி எழுதுங்கள். அதைச் சேர்த்த பிறகும் மீதி இருந்தால்தான் அது லாபம்.

உதாரணமாக, 100 மூடு ஏத்தன் வாழை வைக்கிறீர்கள் (மூடு என்றால் ஒரு மரம், ஏத்தன் என்றால் நேந்திரன்). கன்று, குழி வெட்டு, உரம், மண் அணைப்பு, முட்டு, உங்கள் கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூட்டுக்கு 220 ரூபாய் என்று நினைப்போம். ஆனால் காற்றிலும் வாடல் நோயிலும் 12 மூடு போய்விட்டது. குலை 88தான். இப்போது ஒரு குலையின் அடக்கவிலை 250 ரூபாய். குலை சராசரி 9 கிலோ என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 28 ரூபாய்.

இந்த 28 என்ற எண் உங்கள் வாயில் இருக்க வேண்டும். வியாபாரி விளைக்கு வந்து கிலோ 26 என்று சொன்னால் அது என்ன விலை என்று அப்போதே உங்களுக்குத் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரிகிறது. விழுந்த 12 மூட்டில் ஆறைக் காப்பாற்றியிருந்தால் அடக்கவிலை உடனே இறங்கியிருக்கும். முட்டுக் கம்புக்குச் செலவழிக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்குதான் பதில் சொல்லும்.

ஓணத்தைக் குறிவைத்து ஏத்தன் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முழுவதையும் அல்ல.

ஓணத்துக்கு ஏத்தங்காய் உப்பேரி (சிப்ஸ்) இல்லாத வீடு கேரளத்தில் இல்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் வரும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளுக்குத் தேவை ஏறுகிறது. ஏத்தன் குலை வெட்ட ஏறக்குறைய 10 முதல் 11 மாதம். ஆக ஐப்பசி வாக்கில் நட்டால் ஓணத்துக்குச் சேரும். இது நமக்குத் தெரிந்த அளவு எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே மாதத்தில் நடுவதால், தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் லாரிகள் வருவதால், சில வருடம் ஓணத்துக்கு முந்தைய வாரமே விலை சரிந்துவிடுகிறது. திருவோணம் முடிந்த மறுநாள் கேட்கவே வேண்டாம்.

நான் செய்வது இது. 100 மூடு வைக்க நினைத்தால் 50 மூடு ஓணத்துக்கு. மீதியை ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளி நடுவேன். திருவோணம் ஆங்கிலத் தேதியில் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் நடும் நாளைப் போன வருடக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கன்றுகளை ஒரே எடை, ஒரே வயதாகத் தெரிந்தெடுத்து நட்டால் குலைகளும் ஒரே வாரத்தில் முற்றும். கன்று சின்னதும் பெரியதுமாக இருந்தால் பாதிக் குலை ஓணத்துக்குப் பிறகுதான் வரும்.

இன்னொரு வழி, உப்பேரி போடும் கடைக்காரரிடம் நேரடியாகப் பேசி வைப்பது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சிப்ஸ் போடும் சின்னச் சின்ன அடுப்புகள் எத்தனையோ. அவர்களுக்குத் தேவை வருடம் முழுக்கச் சீரான முற்றிய காய். வாரம் இத்தனை கிலோ என்று பேசி, உச்ச விலையை விடக் கொஞ்சம் குறைவாக ஒப்புக்கொண்டாலும் நமக்கு நிம்மதி. விலை சரிந்த மாதத்தில்தான் அந்தப் பேச்சின் அருமை தெரியும்.

மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே. எனக்கு அதனால் விலை கூடுமா?

தானாகக் கூடாது. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-லும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-லும் குறியீடு கிடைத்தது. அதற்கும் முன்பே ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் குறியீடு என்பது ஒரு வேலி மாதிரி. வேறு ஊர்க்காரர் நம் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று தடுக்கும். வேலிக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பது நம் பாடு.

அந்தப் பெயரையும் முத்திரையையும் பொட்டலத்தில் போட்டு விற்க வேண்டுமானால், குறியீடு பெற்ற அமைப்பின் வழியாக ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று உங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். நம் விவசாயிகளில் பலர் இந்தப் படியைத் தாண்டவே இல்லை. குறியீடு கிடைத்த செய்தியைப் படித்து மகிழ்ந்ததோடு நின்றுவிட்டோம். இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

மட்டியின் பலம் என்ன? பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் பழம் என்று இங்கே தாய்மார்கள் அதை நம்புகிறார்கள். மணமும் இனிப்பும் தனி. பலவீனம், தோல் மெல்லியது, பழுத்தால் நாள் தாங்காது. அதனால் அதைச் சென்னைக்கு அனுப்ப ஆசைப்படும் முன், கன்னியாகுமரிக்கும் சுசீந்திரத்துக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சீப்புக் கணக்கில், ஒரு சின்ன அட்டையில் ஊர்ப் பெயரும் ரகப் பெயரும் எழுதி விற்றுப் பாருங்கள். முழுக் குலையாகச் சந்தையில் போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

ரப்பர் வெட்ட ஆளே கிடைக்கவில்லை. மரத்தை முறித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ரப்பர் பால் தரத் தொடங்கவே ஏறக்குறைய ஏழு வருடம். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வெட்டலாம். எட்டு வருட மரத்தை விலை குறைந்த ஒரு வருடத்தைப் பார்த்து முறிப்பது பெரிய நட்டம்.

முதலில் வெட்டும் முறையைப் பாருங்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்டுவது பழைய பழக்கம். வாரத்துக்கு ஒரு முறை வெட்டும் முறையை ரப்பர் வாரியமே பரிந்துரைக்கிறது. பட்டைக்கு எத்திபோன் என்ற ஊக்கியைச் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் தடவினால் குறைந்த வெட்டிலும் வருட விளைச்சல் பெரிதாகக் குறையாது. பட்டையும் மெதுவாகச் செலவாகும், மரத்தின் ஆயுளும் கூடும். ஒரே வெட்டாள் ஆறு நாள் ஆறு விளைக்குப் போகலாம். ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுத்தால் அவர் ஏன் வேறு வேலைக்குப் போகப் போகிறார்? உங்கள் வீட்டில் ஒருவர் வெட்டக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. வாரத்தில் ஒரு விடியற்காலை என்றால் வேறு வேலை பார்ப்பவராலும் முடியும். ஆனால் ஊக்கியை அளவுக்கு மீறித் தடவினால் பட்டை வறண்டு மரம் பால் தராமல் போய்விடும். வாரியத்தின் கள அலுவலரிடம் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, மழை. நமக்கு இரண்டு மழைக்காலம் என்பது வாழைக்கு வரம், ரப்பர் வெட்டுக்குத் தொல்லை. வெட்டுப் பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டினால் மழை நாளிலும் வெட்டலாம். கட்டும் செலவை மரங்களின் எண்ணிக்கையால் வகுத்து, கூடுதலாகக் கிடைக்கும் வெட்டு நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, என்ன வடிவில் விற்கிறோம் என்பது. பாலாக விற்றால் அதில் உள்ள உலர் ரப்பர் சதவீதத்துக்குத்தான் பணம். நூறு கிலோ பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோதான் ரப்பர், மழைக்காலத்தில் இன்னும் குறையும். அந்த அளவை எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், எண்ணை நோட்டில் எழுதுங்கள். பாலை உறையவைத்துத் தகடாக்கிய ஷீட்டாக விற்றால், புகையூட்டிய ஷீட்டில் ஐந்து தரம் உண்டு. பாலை வடிகட்டாதது, அமிலம் அளவு தப்புவது, பூஞ்சணம் பிடிப்பது, புகைக்கூட்டில் கொப்புளம் விழுவது, இவைதான் தரத்தை இறக்குகின்றன. எல்லாமே நம் கையில் உள்ளவை. தனியாகப் புகைக்கூடு கட்டப் பணம் இல்லாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று கட்டலாம்.

புது நடவு வைப்பவர்கள் முதல் மூன்று வருடம் இடைவெளியைச் சும்மா விடாதீர்கள். வாழை, அன்னாசி, இஞ்சி எது வைத்தாலும் கைச்செலவுக்கு ஆகும். ரப்பர் மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மார்த்தாண்டம் தேனுக்கு அவ்வளவு பெயர். ஆனால் என் தேன் பாட்டிலில் நுரைத்துப் பொங்கிவிட்டது. ஏன்?

ஈரம்தான் காரணம். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். முதல் வருடம் அவசரப்பட்டு, தேனீக்கள் மெழுகால் மூடாத தேனடையையும் சேர்த்துச் சுற்றி எடுத்தேன். இரண்டு மாதத்தில் நாற்பது பாட்டில் புளித்துப் போனது. வாங்கியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நம் ஊர்த் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மாசியை ஒட்டி ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது, இலைக்காம்பு முனையில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் தேன் கசியும். தேனீக்கள் அதைத்தான் சேகரிக்கின்றன. வரத்து மிகுதி, ஆனால் நீர்ச்சத்தும் மிகுதி. உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அடையில் குறைந்தது முக்கால் பங்கு மெழுகால் மூடிய பிறகு எடுங்கள். ஈரம் பார்க்கும் கைக்கருவி ஒன்று இருக்கிறது, ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அது கலப்படம் இல்லை, குளுக்கோஸ் மணியாவதுதான் என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் சர்க்கரைப்பாகு என்று நினைப்பார்.

இந்தத் தொழில் நம் மண்ணில் வேரூன்றியது 1920-களில். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பை ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனார். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் கூட்டம் கூட்டமாகத் தேனீக்களை அழித்தது. பெட்டி மட்டும் மிஞ்சியது. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் மறுபடி எழுந்தோம். அதனால் புதிதாகப் பெட்டி வாங்குபவர்கள், விலை மலிவு என்று பார்க்காமல் நோயில்லாத வலுவான கூட்டமா என்று பாருங்கள். மழை மாதங்களில் தேன் வரத்து இருக்காது. சர்க்கரைக் கரைசல் ஊற்றி அவற்றைக் காப்பாற்ற வேண்டும், அந்தச் செலவையும் தேனின் அடக்கவிலையில் சேர்க்க வேண்டும். அப்புறம், பக்கத்து விளைக்காரர் பூச்சிமருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பசு வளர்ப்பில் ஒன்றுமே மிஞ்சவில்லை. தீவன விலைதான் காரணமா?

பாதி அது. மீதிப் பாதி, பசு சும்மா நிற்கும் நாட்கள்.

உதாரணமாக, ஒரு பசு ஒரு ஈற்றில் 2,400 லிட்டர் தருகிறது. ஒரு கன்று ஈன்றதிலிருந்து அடுத்த கன்று ஈனும் வரை 14 மாதம். அந்தக் காலம் முழுவதற்கும் தீவனம், மருத்துவம், கூலி சேர்த்து 91,000 ரூபாய். லிட்டருக்கு அடக்கம் ஏறக்குறைய 38 ரூபாய். இப்போது சினைப் பருவத்தைக் கவனிக்காமல் விட்டு, அடுத்த ஈற்று மூன்று மாதம் தள்ளிப் போகிறது. பால் கூடவில்லை, வற்றிய பசுவுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் 13,500 போகிறது. அடக்கம் 43 ரூபாயைத் தாண்டிவிடும். பசு சினைக்கு வருவது 21 நாளுக்கு ஒரு முறை. ஒரு முறை தவறவிட்டால் 3,150 ரூபாய் தொழுவத்தில் போனது என்று கணக்கு. காலையும் மாலையும் பத்து நிமிடம் நின்று பார்ப்பதற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. சினை ஊசி போட்ட தேதியைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

தீவனத்துக்கு, விளையின் வெயில் படும் ஓரத்தில் கம்பு நேப்பியர் வீரிய ஒட்டுப் புல் வையுங்கள். ரப்பர் நிழலில் அது வளராது. சங்கத்தில் கொழுப்பும் கொழுப்பற்ற திடச்சத்தும் பார்த்துத்தான் விலை. எனவே பச்சைப்புல்லை மட்டும் போட்டுப் பாலின் அளவைக் கூட்டுவதை விட, வைக்கோலும் தாது உப்பும் சேர்த்துத் தரத்தைக் காப்பது நல்லது.

ஆடு?

பண்டிகைக் காலத்து விலைக்கு ஆசைப்படலாம். ஆனால் ரப்பர் இலையும் பச்சை மரச்சீனி (மரவள்ளி) இலையும் ஆட்டைக் கொல்லும், அவற்றில் சயனைடு உண்டு. அவிழ்த்துவிட்டு வளர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் புயல் அடித்த மறுநாள் முறிந்த கிளைகளுக்குப் பக்கத்தில் ஆட்டை விடாதீர்கள். தின்று தள்ளாடினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

வயலில் நெல் போட்டால் கட்டுப்படியாகுமா? எல்லோரும் வாழை வைக்கிறார்கள், தென்னை வைக்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டு வயல் மூடிப்போவதைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது. ஆனால் வலி கணக்காகாது, ஆகவே கணக்கைச் சொல்கிறேன். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நமக்கு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் கால்வாய் வழியே வருகிறது. நெல்லில் பணம் போவது நாற்று நடவுக்கும் அறுப்புக்கும்.

ஒரு ஏலாவில் (சேர்ந்தாற்போல் கிடக்கும் வயல்வெளியில்) உள்ளவர்கள் ஆளுக்கொரு நாள் விதைத்தால் அறுப்பு இயந்திரம் ஒரு வயலுக்கு வந்து, திரும்பிப் போய், மறுபடி வர வேண்டும். எலியும் பூச்சியும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு மாதக்கணக்கில் குடியேறும். ஒரே வாரத்தில், ஒரே வயதுள்ள ரகத்தை ஏலா முழுக்க விதைத்தால் இயந்திர வாடகை, தண்ணீர்ச் சண்டை, பூச்சிமருந்து மூன்றும் குறையும். இதற்குப் பணம் வேண்டாம், ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து பேசினால் போதும். திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கென்றே திருப்பதிசாரம் வரிசை ரகங்களைத் தந்திருக்கிறது. எந்தப் போகத்துக்கு எது என்று அங்கேயே கேட்டு வாருங்கள்.

விதை நெல்லாகவோ, வீட்டுக்கு வேண்டிய புழுங்கல் அரிசியாகவோ விற்பவர்களுக்கு நெல்லாக விற்பவர்களை விடக் கூடுதல் கிடைக்கிறது. அவித்து உலர்த்த வெயிலும் இடமும் வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

தோவாளைப் பூச்சந்தை விலையை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

விலையை அறிய முடியாது, காலத்தை அறியலாம். ஓணத்துக்கு அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள். ஆவணி, தை முகூர்த்தங்கள். மார்கழியில் பனியால் பிச்சியும் மல்லியும் வரத்துக் குறைந்து விலை ஏறும். இரண்டு வருடம் தினமும் விலையை எழுதி வைத்தவருக்கு மூன்றாம் வருடம், செடியின் கிளையை வெட்டிவிடும் கவாத்துத் தேதி தானாகப் பிடிபடும்.

சிப்ஸ், தேங்காய் எண்ணெய், மசாலா என்று மதிப்புக் கூட்டினால்தான் லாபம் என்கிறார்களே?

எப்போதும் அல்ல. ‘மதிப்புக் கூட்டல்’ என்று சொல்லி இயந்திரம் வாங்க வைத்து, அது திண்ணையில் துருப்பிடித்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் இருக்கும் பொருளைச் சுத்தமாக்கித் தரம் பிரித்து விற்றுப் பாருங்கள். நல்லமிளகைப் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துச் சுத்தமான தார்ப்பாயில் உலர்த்தினால் நிறம் ஒரே கறுப்பாக வரும், சீக்கிரமும் உலரும். கிராம்பு மொட்டை விரிவதற்கு முன் பறித்து, மொட்டையும் காம்பையும் தனித்தனியாக உலர்த்துங்கள். மூன்று கிலோ பச்சை மொட்டு உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். இதற்கு இயந்திரமே வேண்டாம்.

அடுத்த படியாக எண்ணெய், உப்பேரி என்று இறங்குவதென்றால், முதலில் வீட்டு அடுப்பில் பத்துக் கிலோ செய்து, தெரிந்த இருபது வீட்டுக்குக் கொடுத்து, அவர்கள் இரண்டாம் முறை தாங்களாகவே கேட்கிறார்களா என்று பாருங்கள். முதல் முறை வாங்குவது உறவுக்காக. இரண்டாம் முறை கேட்பதுதான் சந்தை. விற்கத் தொடங்கும்போது உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், சிறு அளவுக்கு எளிய பதிவே போதும். பொட்டலத்தில் பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எத்தனை நாள் தாங்கும், முகவரி, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். தேனையோ எண்ணெயையோ ‘நோய் தீர்க்கும்’ என்று எழுதாதீர்கள்.

புல் வெட்டும் இயந்திரம், ட்ரோன் எல்லாம் வாங்கலாமா?

வருடத்தில் எத்தனை நாள் ஓடும் என்று எண்ணுங்கள். 30,000 ரூபாய் இயந்திரம் ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 6,000. வருடத்தில் ஆறு நாள்தான் வேலை என்றால் நாளுக்கு 1,000 ரூபாய், எண்ணெயும் பழுதும் தனி. வாடகைக்கு எடுப்பது அதை விட மலிவு என்றால் வாங்காதீர்கள். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதிவு செய்யலாம். பத்து வீட்டுக்கு ஒரு புல்வெட்டி என்றால் நிச்சயம் வாங்கலாம், ஆனால் யார் வீட்டில் இருக்கும், பழுதானால் யார் பணம் போடுவது என்பதை வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ட்ரோன் பெரிய வயலுக்குச் சரி, வாடகைக்கு.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரச் சொல்கிறார்கள். பங்குப் பணம் போட்டால் திரும்ப வருமா?

அது கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம். நீங்கள் அதில் உரிமையாளர், வாடிக்கையாளர் மட்டும் அல்ல. பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 10,000 நிறுவனத் திட்டத்தில் சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் வரை மானியம் உண்டு.

சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். போன வருடத் தணிக்கைக் கணக்கைக் காட்டுவார்களா? உறுப்பினர்களிடமிருந்து என்ன பொருள், எவ்வளவு வாங்கினார்கள்? பொதுக்குழு கடைசியாக எப்போது கூடியது? உரமும் விதையும் விற்பதோடு நிற்கும் நிறுவனம் ஒரு கடை. உங்கள் தேங்காயையோ ஷீட்டையோ சேர்த்து எடுத்துப் பெரிய ஆளிடம் பேரம் பேசுகிற நிறுவனம்தான் நமக்கு வேண்டியது. நல்லது இருந்தால் சேருங்கள், சேர்ந்த பிறகு கூட்டத்துக்குப் போங்கள்.

கடன் எங்கே வாங்குவது?

பயிருக்கு முதலில் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கம். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. வங்கியில் கிசான் கடன் அட்டை, 3 லட்சம் வரை 7 சதவீதம், காலத்தில் கட்டினால் 4 சதவீதம். கால்நடைக்கும் இந்த அட்டை உண்டு. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு இல்லாமல் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நகையை வைக்கச் சொன்னால் இதை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். பயிர்க்கடனை எடுத்துக் கல்யாணத்துக்குச் செலவழிக்காதீர்கள். எத்தனையோ விளைகள் அப்படிக் கைமாறிப் போயிருக்கின்றன.

ஒக்கிப் புயல் மாதிரி இன்னொன்று வந்தால்?

2017 நவம்பர் 30 காலையை யாரும் மறக்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த இழப்புக்கு முன்னால் விளையின் இழப்பைப் பேசவே கூசுகிறது. ஆனாலும் ரப்பரும் வாழையும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. என் வாழை முழுவதும் தரையில் கிடந்தது. ஒரு மூடுகூட மிஞ்சவில்லை, காப்பீடும் இல்லை.

வாழைக்குப் பயிர்க் காப்பீட்டில் நாம் கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம். உங்கள் பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) அறிவிக்கப்பட்டிருக்கிறதா, கடைசித் தேதி எது என்று தோட்டக்கலை அலுவலகத்தில் நடவு முடிந்த வாரமே கேளுங்கள். பெரிய சேதத்தை ஊர்ச் சராசரி வைத்துத்தான் கணக்கிடுவார்கள், தனி ஆள் வயலை வைத்து அல்ல. திட்டம் அனுமதிக்கும் தனிவயல் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பாலிசி ரசீதையும் சேதத்தின் படத்தையும் போனில் வைத்திருங்கள். ஒரே பயிரை ஒரே வயதில் விளை முழுக்க வைக்காமல் இருப்பதும் ஒரு காப்பீடுதான். ஒக்கிக்குப் பிறகு எங்கள் வீட்டை நடத்தியது இரண்டு பசுவின் பால்.

எங்கே போய்க் கற்பது?

திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ரப்பருக்கு ரப்பர் வாரிய அலுவலகம். அவசரச் சந்தேகத்துக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மையம், தமிழிலேயே பேசலாம். எதைக் கற்றாலும் முதல் வருடம் பத்து மூட்டில், ஒரு பெட்டியில், ஒரு வரிசையில் செய்து பாருங்கள். பக்கத்திலேயே பழைய முறையிலும் ஒரு வரிசை இருக்கட்டும். இரண்டையும் நோட்டில் எழுதினால் உங்கள் மண் சொல்வது தெரியும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எங்களுக்குப் பிறகு இந்த விளையை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியை ஒரு பெரியம்மா கண்கலங்கக் கேட்டார். இப்போது என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். விளையின் நாலு எல்லையையும் பிள்ளைகளோடு வீடியோ அழைப்பில் நடந்து காட்டுங்கள். எந்த மரம் எந்த வருடம் வைத்தது, எந்தத் தென்னை நன்றாகக் காய்க்கும், கிணறு எந்த மாதம் வற்றும், யாரிடம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) கொடுத்திருக்கிறோம், எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கிறதா, இன்னும் தாத்தா பெயரிலா என்று பாருங்கள். தாத்தா பெயரில் இருந்தால் கடனும் காப்பீடும் மானியமும் எதுவும் நகராது. வரும் லீவில் பிள்ளை வந்தால் தாலுகா அலுவலகத்துக்கு முதல் நாளே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெரியம்மாவின் மகன் போன மாதம் வந்து மாற்றிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போகும் முன் பத்து மூடு மட்டியும் நட்டிருக்கிறார்.